ஏழாவது வாரத்துக் கண்

நாய்க்குட்டிகள் கண் திறக்கப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். திறந்த பிறகும் சில வாரங்களுக்கு அந்தக் கண்ணில் ஒரு நீலச் சாயல் தங்கியிருக்கும். வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்து மயங்குவார்கள். ஆனால் உள்ளே வளர்ச்சி இன்னும் முடியவில்லை. விழித்திரை தன் அடுக்குகளை முழுமையாக்கிக்கொள்ள ஆறிலிருந்து எட்டு வாரம் எடுத்துக்கொள்ளும். இருட்டில் நாயின் கண்ணை ஒளிரவைக்கும் டேப்பிட்டம் என்ற பளபளப்புப் படலம் தன் முழு நிறத்தை அடைய ஏறக்குறைய நான்கு மாதமாகும். சில பிறவிக் குறைகளை இந்த இடைவெளிக்குள்தான் பார்க்க முடியும். பிறகு பார்த்தால் கண் நலமாக இருப்பது போலவே தெரியும்.

இதை விளக்க கோலி இன நாயைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. ஸ்காட்லாந்தில் ஆடு மேய்க்கப் பழகிய இனம் அது. விக்டோரியா அரசி வளர்த்ததால் மதிப்புப் பெற்றது. 1943இல் வெளிவந்த 'லாஸி கம் ஹோம்' திரைப்படத்துக்குப் பிறகு உலகமே அறிந்த நாயாகிவிட்டது. 1950களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் இந்த இனத்தின் கண்ணுக்குள் ஒரே வகையான குறையைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். இன்று அதற்குப் பெயர் கோலி கண் பிறழ்வு. ஷெட்லேண்டு ஷீப்டாக், பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற உறவினங்களிலும் அது உண்டு.

விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் அடர்ந்த ஒரு படலம் இருக்கிறது. அதை கோராய்டு என்பார்கள். விழித்திரையின் வெளியடுக்குக்கு உணவும் ஆக்சிஜனும் அங்கிருந்துதான் வருகின்றன. கோலி கண் பிறழ்வில் அந்தப் படலத்தின் ஒரு பகுதி சரியாக உருவாவதில்லை. எந்தப் பகுதி என்பதுகூட ஏறக்குறைய நிச்சயம்: பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டுக்கு அருகில், காதுப் பக்கமாக. ஏழு வாரக் குட்டியின் கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, இருபது நிமிடம் பொறுத்து, அறையை இருட்டாக்கிவிட்டு மருத்துவர் பார்ப்பார். அவர் தலையில் விளக்குடன் கூடிய கருவி. கையில் 20 அல்லது 30 டயாப்டர் லென்ஸ். படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். பழகிய கண் அதைத் தானே திருப்பிக்கொள்ளும். நல்ல கண்ணில் மேல்பாதி ஊதாவும் நீலமும் கலந்த டேப்பிட்டம், கீழ்ப்பாதி அடர்பழுப்பு, நடுவில் வெளிர்சிவப்பு வட்டு, அதிலிருந்து கிளைக்கும் குழாய்கள். குறையுள்ள கண்ணில் வட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெளிறிய திட்டு இருக்கும். அங்கே நிறமி இல்லை. கோராய்டின் குழாய்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒழுங்கில்லாமல் வளைந்து கிடக்கும். அவற்றுக்கிடையே கண்ணின் வெளியுறையான வெள்ளை விழிப்படலம் உள்ளிருந்தே தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீலமும் சாம்பலும் திட்டுத்திட்டாக உள்ள மெர்ல் நிற நாய்களுக்குக் கண்ணுக்குள் இயல்பாகவே நிறமி குறைவு. அவற்றில் நலமான கோராய்டின் குழாய்களும் வெளியே தெரியும். குழாய் தெரிகிறது என்பதை மட்டும் வைத்துக் குறை என்று எழுதிவிட முடியாது; அவை வரிசையாக, நெருக்கமாக ஓடுகின்றனவா, கலைந்து கிடக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பல நூறு கண்களைப் பார்த்தவருக்கே இது கைவரும்.

அந்தத் திட்டு மட்டும் இருந்தால் நாயின் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. ஆயுள் முழுவதும் ஓடியாடி வாழும். ஆனால் சில குட்டிகளில் குறை அங்கே நிற்பதில்லை. பார்வை வட்டிலேயே குழி விழுந்திருக்கும். அந்தக் குழிக்குப் பெயர் கோலோபோமா. கண் மருத்துவத்தில் இந்தச் சொல் பிறவியிலேயே திசு இல்லாமல் போன இடத்தைக் குறிக்கும். கருவில் கண் முதலில் ஒரு கிண்ணமாக உருவாகிறது. அந்தக் கிண்ணத்தின் அடியில் ஒரு பிளவு இருக்கிறது. நாளடைவில் அதன் இரு விளிம்புகளும் சேர்ந்து மூடிக்கொள்ளவேண்டும். பல கோலோபோமாக்கள் அங்கே தையல் விட்டுப்போன இடங்கள்தான். கோலியில் வட்டின் வேறு பக்கங்களிலும் குழி வருவதால் அதன் கதை இன்னும் சிக்கலானது. குழி பெரிதானால் விழித்திரை கழன்றுவிடலாம், கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், அந்தக் கண் பார்வையை இழக்கலாம்.

லேசான குறையோடு பிறந்த குட்டிகளில் சிலவற்றுக்கு மூன்றாவது மாதவாக்கில் நிறமியும் டேப்பிட்டமும் வளர்ந்து வெளிறிய திட்டை மூடிவிடுகின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கருவியால் பார்த்தாலும் அந்தக் கண் நலமாகவே தோன்றும். ஆனால் மரபணுவில் எதுவும் மாறவில்லை. அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விட்டால் குறை அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு ஈற்றின் எல்லாக் குட்டிகளையும் ஒன்றாகப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. அப்படியானால் பரிசோதனைக்குரிய நாட்கள் குட்டி வளர்ப்பவரிடம் இருக்கும்போதே வந்து போகின்றன. வாங்குபவர் கையில் குட்டி வரும்போது அந்த வாய்ப்பு முடியும் தறுவாயில் இருக்கும். கோலியோ ஷெட்லேண்டு ஷீப்டாக்கோ வாங்க நினைப்பவர் விலையைக் கேட்பதற்கு முன் கண் பரிசோதனைச் சீட்டைக் கேட்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்று மரபணுச் சோதனை இருக்கிறதே, கண்ணை ஏன் பார்க்கவேண்டும் என்று கேட்கலாம். கோலி கண் பிறழ்வோடு தொடர்புடைய மாற்றம் 2007இல் வெளியிடப்பட்டது. என்.எச்.இ.ஜே.1 என்ற மரபணுவுக்குள் ஏறக்குறைய 7,800 எழுத்துகள் விடுபட்டுப்போயிருக்கின்றன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்தப் பிரதியைப் பெற்ற குட்டிக்கே குறை வருகிறது. ஆனால் எந்தக் குட்டிக்கு வெறும் திட்டு, எந்தக் குட்டிக்குக் கோலோபோமா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. ஒரே ஈற்றில், அதே இரு பிரதிகளோடு பிறந்த இரு குட்டிகளில் ஒன்று நன்றாகப் பார்க்கும், மற்றொன்றின் விழித்திரை கழன்றிருக்கும். அதைக் கண்ணுக்குள் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

கண்ணுக்குள் பார்ப்பது என்பதே ஒரு காலத்தில் நடவாத காரியமாக இருந்தது. பாவை ஏன் கறுப்பாக இருக்கிறது? உள்ளே போன வெளிச்சம் வந்த வழியிலேயே திரும்புகிறது. அதைப் பார்க்கவேண்டுமானால் விளக்கு இருக்கும் இடத்திலேயே நம் கண்ணும் இருக்கவேண்டும். அங்கே தலையை வைத்தால் விளக்கு மறைந்துவிடும். இரவில் கார் ஓட்டுபவருக்கு நாயின் கண் பச்சையாகப் பளிச்சிடுவது டேப்பிட்டத்தால் மட்டும் அல்ல. விளக்கும் ஓட்டுபவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே திசையில் இருப்பதாலும்தான். ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850ஆம் ஆண்டின் இறுதியில் இதற்கு வழி கண்டார். சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பிவிட்டு, அதே தகடுகளின் ஊடாகத் தான் பார்த்தார். அவருடைய நண்பர் புருக்கே கண் ஒளிர்வதைப் பற்றி அதற்கு முன்பே ஆராய்ந்து, இந்தக் கருவிக்கு மிக அருகே வந்து நின்றவர். இன்று மருத்துவரின் தலையில் இருக்கும் விளக்கும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. பார்த்ததைப் பதிவுசெய்ய, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்க உருவாக்கப்பட்ட அகலக்கோணக் கேமராக்கள் நாய்க்குட்டிகளுக்கும் பயன்படுகின்றன. ஒரு நிமிடம்கூட அடங்கி இராத குட்டிக்கு இது பெரிய உதவி. மருத்துவர் பிறகு நிதானமாகப் படத்தைப் பார்க்கலாம்.

இவ்வளவும் வெளிச்சம் உள்ளே போனால்தான். பாவை வெள்ளையாக இருக்கும் குட்டியை என்ன செய்வது?

டாபர்மேன் குட்டி ஒன்றுக்குப் பிறவியிலேயே கண்புரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவில் வளரும் லென்ஸுக்கு உணவு கொண்டுவர ஒரு தற்காலிகத் தமனி இருக்கிறது. அது பார்வை நரம்பின் வழியாகக் கண்ணுக்குள் நுழைந்து, கண்ணை நிரப்பும் விட்ரியஸ் கூழின் நடுவே நேராக ஓடி, லென்ஸின் பின்புறத்தில் வலையாகப் படரும். குட்டி பிறக்கும் காலத்தை ஒட்டி அதன் வேலை முடிந்துவிடும். சில வாரங்களில் சுருங்கி மறைந்துவிடவேண்டும். பார்வைப் பாதையின் நட்டநடுவில் இரத்தக் குழாய் ஒன்று இருந்தால் எப்படித் தெளிவாகத் தெரியும்? சில டாபர்மேன், ஸ்டாஃபர்டுஷையர் புல் டெரியர் குட்டிகளில் அது மறைவதில்லை. லென்ஸின் முதுகில் நார்த்திசுத் தகடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. மோசமான நிலையில் லென்ஸே மங்கிவிடுகிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் ஸ்டாடஸ் 1980களில் டாபர்மேன்களில் இந்தக் குறையின் படிநிலைகளையும் அது மரபாக வருவதையும் விரிவாக ஆராய்ந்தார். முதல் படியில் லென்ஸின் பின்புறத்தில் சில பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருக்கும், பார்வைக்குப் பாதகமில்லை. கடைசிப் படிகளில் பார்வை போய்விடும்.

புரை மூடிய கண்ணுக்குள் வெளிச்சம் நுழையாது, ஒலி நுழையும். 1950களின் பிற்பாதியில் மனிதக் கண்ணில் தொடங்கிய அல்ட்ராசவுண்ட் பரிசோதனை அடுத்த பத்தாண்டில் நாய்களுக்கும் வந்தது. இதில் கத்தி இல்லை. பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டாம். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டுக் கொஞ்சம் பொறுக்கிறார்கள். ஒருவர் குட்டியை மடியில் வைத்து முகவாயைத் தாங்கிக்கொள்கிறார். நுண்ணுயிர் நீக்கிய ஜெல்லைத் தடவி ஸ்கேன் முனையைக் கார்னியாவின் மேல், அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் வைக்கிறார்கள். முனை அனுப்பும் ஒலித்துடிப்பு திசுவுக்குள் நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. வளர்ந்த நாயின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். போய்த் திரும்பிவர ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சம் பங்கில் 26. அந்த இருபத்தாறுக்குள் எந்த எதிரொலி எப்போது வந்தது என்று பிரித்தறிந்து கருவி படம் வரைகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

அந்தத் திரையை எப்படிப் படிப்பது? ஒலி எதிரொலிக்கும் இடம் வெள்ளை, தடையின்றிப் போகும் இடம் கறுப்பு. மேலே கார்னியாவின் வெள்ளைப் பட்டை. கீழே கறுப்பான முன்னறை. அதற்கும் கீழே லென்ஸின் முன்வளைவும் பின்வளைவும் இரண்டு வெள்ளைக் கீற்றுகளாகத் தெரியும், நடுவே கறுப்பு. பிறகு விட்ரியஸ், முழுக் கறுப்பு. கடைசியில் கண்ணின் பின்சுவர், பளீரென்ற வளைவு. நல்ல கண்ணில் கறுப்பாக இருக்கவேண்டியவை கறுப்பாகவே இருக்கும். நம் டாபர்மேன் குட்டியின் லென்ஸ் சாம்பலும் வெள்ளையுமாகக் கலங்கியிருக்கும். லென்ஸின் முதுகிலிருந்து பார்வை வட்டு வரை விட்ரியஸைக் குறுக்காகக் கடக்கும் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மறையாமல் நின்ற தமனி அதுதான்.

கோடு தெரிந்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. விழித்திரை முழுவதும் கழன்ற கண்ணிலும் இதைப் போன்ற கோடு வரும். விழித்திரை இரண்டே இடங்களில்தான் இறுகப் பற்றியிருக்கிறது: பின்னால் பார்வை வட்டில், முன்னால் அதன் விளிம்பில். அதனால் கழன்ற விழித்திரை ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரிந்து, கூர்முனை வட்டில் நிற்க மிதக்கும். அந்த இரு கைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஒற்றைக் கோடாகிவிடும். மருத்துவர் முனையை மெல்லத் திருப்பி வேறு வேறு தளங்களில் பார்க்கிறார்; கோட்டின் முன்முனை லென்ஸின் நடுவில் போய்ச் சேர்கிறதா, பக்கவாட்டில் பிரிகிறதா என்று தேடுகிறார். அடுத்து, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறை. கோட்டுக்குள் இரத்தம் ஓடினால் திரையில் சிவப்போ நீலமோ பளிச்சிடும். அந்த நிறங்கள் தமனி, சிரை என்பதைச் சொல்வதில்லை. ஓட்டம் முனையை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைச் சொல்கின்றன.

இந்த நிறப் புள்ளியில் ஒரு குட்டியின் கண் அடங்கியிருக்கிறது. புரையை அறுவையில் எடுக்கலாம். ஆனால் லென்ஸின் முதுகில் உயிருள்ள குழாய் ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். தெரிந்து இறங்கினால் குழாயைச் சுட்டு அடைக்கும் ஏற்பாட்டோடு போகலாம். விழித்திரை கழன்றிருந்தால் புரையை எடுத்தும் பயனில்லை. குட்டியை அந்த வேதனைக்கு ஆளாக்காமல் விட்டுவிடலாம்.

அதே ஸ்கேனில் கண்ணின் நீளத்தையும் அளக்கலாம். சிறுத்துப்போன கண்ணை உறுதிசெய்ய அந்த அளவு உதவும். இதைச் சொல்லும்போது மெர்ல் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த நிறத்தைத் தரும் மரபணு மாற்றம் 2006இல் அடையாளம் காணப்பட்டது. ஒரு பிரதி இருந்தால் எல்லோரும் விரும்பும் திட்டு நிறம். இரண்டு பிரதி சேர்ந்தால் பெரும்பகுதி வெள்ளை நாய். பலவற்றுக்குச் சிறுத்த கண், உருக்குலைந்த பாவை, கோலோபோமா, காது கேளாமை. மெர்ல் நாயோடு மெர்ல் நாயைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டியும் இரண்டு பிரதியோடு பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எந்தக் கருவியும் இல்லாமலே தடுக்கக்கூடிய குறை இது. விலை கூடும் என்பதற்காக இரண்டு மெர்லைச் சேர்ப்பது கொடுமை. வேறு சொல்லால் அதை நான் அழைக்கமாட்டேன்.

ஒலியிலும் ஒரு பேரம் இருக்கிறது. அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். 10 மெகாஹெர்ட்ஸில் கண் முழுவதும் தெரியும். 50 மெகாஹெர்ட்ஸில் கருவிழியின் வேரும் உள்நீர் வடியும் கோணமும் மிகத் துல்லியமாகத் தெரியும். ஆனால் முன் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டாது. விழித்திரையின் அடுக்குகளை அடுக்கடுக்காகப் பார்க்க ஒலி போதாது. நாயின் விழித்திரையின் தடிமன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். அங்கே மறுபடி ஒளி வருகிறது. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் பாஸ்டன் மருத்துவர்களும் வெளியிட்ட ஓ.சி.டி. முறை அகச்சிவப்பு ஒளியின் எதிரொளிப்பைப் பயன்படுத்துகிறது. ஒளி திரும்பும் நேரம் நேரடியாக அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்பதால், திரும்பி வந்த ஒளியை மற்றொரு கதிரோடு மோதவிட்டுக் குறுக்கீட்டிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். சில மைக்ரோமீட்டர் நுணுக்கம் கிடைக்கிறது. நாய் அசையக் கூடாது என்பதால் பெரும்பாலும் மயக்கம் கொடுத்தே எடுக்கிறார்கள். சில ஸ்பேனியல், லேப்ரடார் குட்டிகளின் விழித்திரையில் பிறவியிலேயே மடிப்புகள் இருக்கும். அது வெறும் மடிப்பா, அடியில் நீர் புகுந்த கழற்சியா என்பதை ஓ.சி.டி. பிரித்துக் காட்டும். நாய்க்கு மனிதனைப் போன்ற கூர்பார்வை மையம் இல்லை என்ற நெடுநாள் நம்பிக்கையும் இந்த வகைப் படங்களால்தான் அசைந்தது: பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2014இல் நாயின் விழித்திரையில் கூம்புச் செல்கள் மிக நெருக்கமாகக் குவிந்த ஒரு சிறு புள்ளியைக் காட்டியது.

படம் எதையும் காட்டாத பிறவிக் குறையும் உண்டு. பிரியார்டு என்ற பிரெஞ்சு மேய்ப்பு நாய்களில் சில பிறவியிலேயே பார்வையற்றவை. குட்டியாக இருக்கும்போது கண்ணுக்குள் பார்த்தால் வட்டு நலம், குழாய் நலம், டேப்பிட்டம் நலம். விழித்திரையின் மின்துடிப்பை அளந்தால்தான் அது ஒளிக்குப் பதில் சொல்லவில்லை என்று தெரியும். ஆர்.பி.இ.65 என்ற மரபணுவில் நான்கே எழுத்துகள் விடுபட்டதால் ஒளியை உணரும் நிறமி மறுசுழற்சி ஆவதில்லை. செல்கள் உயிரோடு இருக்கின்றன. வேலைக்குத் தேவையான பொருள் அவற்றுக்கு வரவில்லை. அதே மரபணுக் குறையால் மனிதக் குழந்தைகளும் பார்வையிழக்கிறார்கள். 2001இல் வெளியான ஆய்வில், நலமான மரபணுவை வைரஸ் ஒன்றில் ஏற்றி இந்தக் குறையுள்ள நாய்களின் விழித்திரைக்கு அடியில் செலுத்தினார்கள். பார்வை வந்தது. அவற்றில் லான்சலாட் என்ற நாய் பெரும் புகழ் பெற்றது. அந்த வழியில் வளர்ந்த லக்ஸ்டர்னா மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது.

அதன் பிறகும் படத்தின் வேலை தீரவில்லை. நாட்கள் போகப்போகப் பட்டினி கிடக்கும் அந்தச் செல்கள் சாகத் தொடங்குகின்றன, ஓ.சி.டி.யில் ஒளியுணர் செல்களின் அடுக்கு மெலிவது தெரிகிறது. மெலிவு தொடங்குவதற்கு முன் சிகிச்சை பெற்ற நாய்களில் அந்த அடுக்கு நிலைத்து நின்றது. தொடங்கிய பிறகு சிகிச்சை பெற்ற கண்களில் பார்வை மேம்பட்டாலும் மெலிவு நிற்கவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வு மனிதர்களிடமும் நாய்களிடமும் காட்டியது. லக்ஸ்டர்னாவின் அனுமதியிலேயே, உயிருள்ள விழித்திரைச் செல்கள் போதுமான அளவு மீந்திருக்கும் நோயாளிக்கே தரவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அவை மீந்திருக்கின்றனவா என்று பார்க்க மருத்துவர் முதலில் எடுப்பது ஓ.சி.டி. படம்.